சுற்றுகளைத் தின்னும் காளான்: தாவர வகைக்கான போட்டி உத்தி

போக்கிமொன் ஆட்டங்களில் ஒவ்வோர் உயிரியும் நெருப்பு, நீர், மின், தாவரம் முதலான 18 வகைகளுள் ஒன்றையோ இரண்டையோ சார்ந்தது; எந்த வகைத் தாக்குதல் எந்த வகை உயிரியை இருமடங்காகப் பாதிக்கும், எதனைப் பாதியளவே பாதிக்கும், எதனைத் தொடவே தொடாது என்பதை முடிவுசெய்யும் அட்டவணையே ஆட்டத்தின் இலக்கணம். 1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த முதல் ஆட்டங்களிலிருந்தே, தொடக்கத்தில் தெரிவுசெய்யக்கூடிய மூன்று உயிரிகளுள் ஒன்று தாவர வகையாக இருந்துவந்துள்ளபோதிலும், இந்த அட்டவணையில் அவ்வகைக்குக் கிடைத்த இடம் வாய்ப்பானதன்று. நெருப்பு, பனி, நஞ்சு, பறவை, பூச்சி ஆகிய ஐந்து வகைத் தாக்குதல்களுக்கு அது இருமடங்கு அடிபடுகிறது. அது தொடுக்கும் தாக்குதலோ நீர், நிலம், பாறை ஆகிய மூன்று வகைகளிடம் மட்டுமே இருமடங்காகப் பலிக்க, ஏழு வகைகளிடம் பாதியாகக் குன்றிப்போகிறது.

இந்த எண்களைப் பார்த்தவர், தாவர வகையைக் குழுவில் சேர்ப்பதே வீண் என்று எண்ணக்கூடும். அடித்து வெல்வதே ஒரே வழி என்று கொண்டால் அவ்வெண்ணம் சரியே. ரில்லாபூம் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, போட்டிக் களத்தில் நிலைத்த தாவர வகை உயிரிகள் எவையும் அடியின் பலத்தால் நிலைத்தவையல்ல. எதிராளியின் சுற்றை வீணாக்குவதே அவற்றின் தொழில். இந்த அத்தியாயம் அத்தொழிலில் மிகத் தேர்ந்ததான அமூங்கஸ் என்னும் ஓர் உயிரியையே முழுமையாக எடுத்துக்கொள்கிறது. இதன் கணக்கு விளங்கியவருக்கு மற்றத் தாவர வகை உயிரிகளின் கணக்கு தானே விளங்கும்.

களமும் கடிகாரமும்

உத்தியோகபூர்வப் போட்டிகள் இரட்டையர் முறையில் நடைபெறுகின்றன. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆறு உயிரிகளைக் கொண்டுவந்து, எதிராளியின் ஆறையும் பார்த்தபின் நான்கைத் தெரிந்தெடுத்து, ஒரே நேரத்தில் இரண்டைக் களத்தில் நிறுத்துவார். எல்லா உயிரிகளும் 50ஆம் நிலையில் வைத்தே கணக்கிடப்படும். இருதரப்பும் தத்தம் நகர்வுகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் முடிவுசெய்தபின், நான்கு உயிரிகளும் வேக வரிசையில் செயற்பட்டு முடிவதே ஒரு சுற்று எனப்படும். எனவே ஒரு சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பவை இரண்டு வாய்ப்புகளே. அவ்விரண்டில் ஒன்றைப் பயனற்றதாக்கிவிட்டால் எதிராளி அந்தச் சுற்றைப் பாதிக் குழுவோடுதான் ஆடுகிறார்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களிலிருந்து ஆட முனைவோருக்கு இந்த முறையில் ஒரு வசதியுண்டு. துப்பாக்கிச் சூட்டு ஆட்டங்களில் இணைய இணைப்பு அரை நொடி பின்தங்கினாலே தோல்வி உறுதி. சுற்று முறை ஆட்டத்திலோ இணைப்பின் மந்தம் முடிவை மாற்றுவதில்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி இல்லாதவரும் போக்கிமொன் ஷோடவுன் என்னும் இலவச ஒப்புப்போலி ஆட்டத்தைக் கைத்தொலைபேசியின் உலாவியிலேயே திறந்து, அதே விதிகளின்படி உலகின் எந்த மூலையிலுள்ளவரோடும் மோதலாம். தடையாக இருப்பது கடிகாரம் ஒன்றே. உத்தியோகபூர்வ விதிகளின்படி ஒரு சுற்றுக்கு 45 நொடி, ஒருவர் யோசிப்பதற்கென மொத்தம் 7 நிமிடம், ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 20 நிமிடம் என்ற வரையறை இருப்பதால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடர் ஒன்றைத் தாராளமாக முடித்துவிடலாம். ஆனால் கணக்கை ஆட்டத்தின் நடுவே போட உட்கார்ந்தால் நேரம் போதாது. பின்வரும் எண்கள் முன்கூட்டியே மனத்தில் இருக்கவேண்டியவை என்பதனாலேயே இங்கு விரிவாகத் தரப்படுகின்றன.

காளான் என்னும் தாவரம்

அமூங்கஸ் 2010ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான பிளாக், வைட் ஆட்டங்களில் அறிமுகமானது. ஃபூங்கஸ் என்னும் சிறு காளான் 39ஆம் நிலையை அடையும்போது இதுவாக உருமாறும். உயிரியல் பாடப்படி காளான் தாவரமே அன்று, பூஞ்சை. மாரி மழையோடு வேலியோரங்களில் முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களும் அதைச் செடியென்று சொல்வதில்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அந்தப் பேதத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் இதனைத் தாவரம், நஞ்சு ஆகிய இரு வகைகளில் சேர்த்ததால் இதற்குக் கிடைத்த ஆதாயம் பெரிது: தாவர வகையின் ஐந்து பலவீனங்களுள் நஞ்சும் பூச்சியும் இயல்பளவுக்கு இறங்கிவிடுகின்றன, சண்டை வகையும் தேவதை வகையும் பாதியளவே தாக்குகின்றன. புதிதாகச் சேரும் பலவீனம் உளவியல் வகை ஒன்றே. ஆக, அஞ்சவேண்டியவை நெருப்பு, பனி, பறவை, உளவியல் என நான்கு.

இதன் உயிர்ப்புள்ளிக்கான அடிப்படை எண் 114, வேகத்துக்கான அடிப்படை எண் 30. முன்னது நீடித்து நிற்பதற்கு உதவுவது. பின்னது குறைபாடுபோலத் தோன்றினும் உண்மையில் இதன் பெரும் சொத்து, அது எவ்வாறு என்பது பின்னர் விளக்கப்படும். ஓர் உயிரிக்குப் பிறவியிலேயே அமைந்து தானாகவே இயங்கும் பண்பு இயல்பாற்றல் எனப்படும். அமூங்கஸுக்குரிய இயல்பாற்றல்களுள் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் விரும்புவது ரீஜெனரேட்டர். களத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் முழு உயிர்ப்புள்ளியில் மூன்றிலொரு பங்கு மீண்டும் சேரும். உயிர்ப்புள்ளியை உச்சத்துக்கு வளர்த்த அமூங்கஸுக்கு 50ஆம் நிலையில் 221 புள்ளிகள் உண்டாகையால், ஒருமுறை வெளியேறினால் 73 புள்ளிகள் திரும்பக் கிடைக்கின்றன.

தூக்கத்தின் கணக்கு

அமூங்கஸின் முதல் ஆயுதம் ஸ்போர் என்னும் நகர்வு. இது எதிரியை உறங்கவைக்கும். உறங்கவைக்கும் நகர்வுகள் வேறும் உள்ளன. ஆனால் ஸ்லீப் பவுடர் நூற்றுக்கு 75 முறையும் ஹிப்னோசிஸ் 60 முறையுமே பலிக்க, ஸ்போர் நூற்றுக்கு நூறும் பலிக்கும். இந்த நகர்வு மிகச் சில உயிரிகளுக்கே வாய்த்திருக்கிறது.

உறங்கிய உயிரி ஒன்று, இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளை இழக்கும். மூன்றுக்கும் சம நிகழ்தகவு. எனவே முதல் வாய்ப்பு கட்டாயம் போகும். இரண்டாவது வாய்ப்பில் விழிப்பதற்கு மூன்றிலொரு பங்கும், அப்போதும் விழிக்காவிடில் அடுத்ததில் விழிப்பதற்குப் பாதிப் பங்கும் சாத்தியமுண்டு. அதற்கடுத்ததில் விழிப்பு நிச்சயம். சராசரியாகப் பார்த்தால் அமூங்கஸ் தன் ஒரு வாய்ப்பைச் செலவிட்டு எதிராளியின் இரண்டு வாய்ப்புகளை அழிக்கிறது. இதைவிட இலாபமான வியாபாரம் இந்த ஆட்டத்தில் அரிது. உறங்கிய உயிரியை எதிராளி உள்ளே அழைத்துக்கொண்டாலும் மீதித் தூக்கம் கரைந்துவிடுவதில்லை. தற்போதைய விதிகளில் அது எஞ்சியபடியே காத்திருக்கும்.

எனினும் தூக்கம் தன்னளவில் வெற்றியன்று, கடனாகக் கிடைத்த நேரமே. கரம் பலகையில் சிவப்புக் காயைக் குழியில் விழுத்தியவர் தொடர்ந்து தன் காயொன்றையும் விழுத்தினால்தான் சிவப்பு அவர் கணக்கில் சேரும். அதுபோல, எதிரி உறங்கும் நேரத்தில் அமூங்கஸின் துணை உயிரி யாரையாவது வீழ்த்தவோ தன் தாக்குதிறனை உயர்த்தவோ செய்தால்தான் ஸ்போர் பலித்ததாகக் கொள்ளவேண்டும். தொடக்க ஆட்டக்காரர்கள் இரண்டு எதிரிகளையும் அடுத்தடுத்து உறங்கவைப்பதிலேயே மூழ்கி, இரண்டாமவர் உறங்கும் வேளையில் முதலாமவர் விழித்துவிடுவதைக் கண்டு திகைப்பதுண்டு. உத்தியோகபூர்வ இரட்டையர் ஆட்டத்தில் இருவரையும் உறங்கவைப்பதற்குத் தடையில்லை. ஆனால் முதலாமவரை உறங்கவைத்தவுடன் இரண்டாமவர்மீது இரு தாக்குதல்களையும் குவிப்பதே பெரும்பாலும் சிறந்தது.

ஸ்போர் பலிக்காத இடங்களை மனனம் செய்யாதவர் அமூங்கஸைத் தொடாதிருப்பதே நல்லது. 2013இல் வெளியான எக்ஸ், வை ஆட்டங்களிலிருந்து தாவர வகை உயிரிகள்மீது ஸ்போர் உட்பட எந்தப் பொடி நகர்வும் பலிப்பதில்லை. சேஃப்டி கொகிள்ஸ் என்னும் கைப்பொருளை ஏந்திய உயிரிக்கும், ஓவர்கோட் என்னும் இயல்பாற்றல் உடைய உயிரிக்கும் அதே காப்பு உண்டு. மின் தரை, பனிமூட்டத் தரை ஆகியவை களத்தில் விரிந்திருக்கும்போது நிலத்தில் கால்பாவி நிற்கும் எந்த உயிரியும் உறங்காது. நேரடியாக அடிக்காத நிலைமாற்ற நகர்வுகள் எவையும் அண்டாத கொல்டெங்கோவும், நோய்நிலைகள் எவையும் அண்டாத கார்கனாகலும் விலக்குப் பெற்றவை. பலரும் மறப்பது இன்னொன்று: ஏற்கெனவே தீக்காயமோ நஞ்சோ பட்ட உயிரியை உறங்கவைக்க முடியாது. வேண்டுமென்றே தீக்காயத்தை ஏற்றுக்கொண்டு வலிமை பெருக்கும் உர்சலூனாவின்மீது, அது காயப்பட்ட பின்னர் ஸ்போரைத் தூவுவது ஒரு வாய்ப்பைக் கடலில் எறிவதற்குச் சமம்.

அடியைத் தன்மேல் இழுத்தல்

இரண்டாவது ஆயுதமான ரேஜ் பவுடர், எதிரிகள் துணை உயிரியை நோக்கித் தொடுக்கும் தாக்குதல்களை அந்தச் சுற்று முழுவதும் அமூங்கஸின்மேல் திருப்பிவிடும். இத்தகைய திசைதிருப்பலின் மதிப்பை உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியது 2014ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி. தென்கொரியாவின் செ ஜுன் பார்க், பச்சிரிசு என்னும் சிறிய மின் வகை அணிலை ஃபொலோ மீ என்னும் நிகரான நகர்வோடு குழுவில் சேர்த்துப் பட்டம் வென்றார். பச்சிரிசுவைப் போட்டிக்குரியதாகவே அதுவரை பெரும்பாலோர் மதித்ததில்லை.

இந்த நகர்வைத் திறம்படக் கையாள முன்னுரிமை என்னும் கருத்து தெளிவாக வேண்டும். சில நகர்வுகள் வேகத்தைப் பொருட்படுத்தாமல் முன்னதாகவே நிகழ்கின்றன; அவற்றுக்குள் எது முந்தும் என்பதை ஓர் எண் குறிக்கிறது. தன்னைக் காக்கும் ப்ரொடெக்ட் நகர்வுக்கு 4, எதிரியைத் திடுக்கிடச்செய்து அச்சுற்றில் செயலிழக்கவைக்கும் ஃபேக் அவுட் நகர்வுக்கு 3, ரேஜ் பவுடருக்கு 2. இதிலிருந்து இரு விளைவுகள் பிறக்கின்றன. இன்சினரோர் போன்ற உயிரி துணையின்மீது ஃபேக் அவுட் தொடுத்தால் ரேஜ் பவுடர் அதனை மறிக்க இயலாது, பொடி தூவுமுன் அடி விழுந்துவிடும். மறுபுறம், நிலைமாற்ற நகர்வுகளுக்குத் தடைவிதிக்கும் டோண்ட் என்னும் நகர்வு, குறும்புத்தனம் என்னும் பொருளுடைய ப்ராங்ஸ்டர் இயல்பாற்றலால் ஒரு படி முன்னேறி 1 ஆனாலும், ரேஜ் பவுடர் அச்சுற்றில் அதற்கு முன்பே முடிந்துவிடும். முன்னுரிமை எண் இல்லாத ஸ்போருக்கு இந்தப் பாக்கியமில்லை. ஆகவே எதிர்க்களத்தில் ப்ராங்ஸ்டர் உள்ள டோர்னேடஸ் நிற்கும்போது முதற்சுற்றில் ஸ்போரைவிட ரேஜ் பவுடரே நம்பத்தக்கது.

ரேஜ் பவுடரும் பொடியே என்பதால், தாவர வகையினரும் கொகிள்ஸ் ஏந்தியவரும் அதனைப் பொருட்படுத்தாமல் தாம் விரும்பிய இலக்கையே அடிப்பர். இருவரையும் ஒருசேரத் தாக்கும் ஹீட் வேவ், இரப்ஷன், டஸ்லிங் கிளீம் போன்ற பரவல் நகர்வுகளையும் திருப்ப முடியாது. எதிராளியின் ஆறு உயிரிகளைப் பார்வையிடும் அந்த ஆரம்ப நேரத்தில் முதலில் எண்ணவேண்டியது இவற்றையே: பொடிக்கு அடங்காத உயிரி எத்தனை, பரவல் நகர்வு உடையது எது. இரண்டும் நிறைந்த குழுவுக்கெதிராக அமூங்கஸை வெளியே இருத்திவிட்டு மற்ற ஐந்திலிருந்து நால்வரை எடுப்பதில் வெட்கமொன்றுமில்லை.

மந்தத்தின் பயன்

ட்ரிக் ரூம் என்பது வேக வரிசையைத் தலைகீழாக்கும் நகர்வு. அது நீடிக்கும்வரை மெதுவானதே முந்திச் செயற்படும். முன்னுரிமை வரிசையில் அதற்குரிய எண் −7 ஆகையால், அதனை விரிக்கும் உயிரி சுற்றின் கடைசிவரை அடிகளைத் தாங்கிப் பிழைத்திருக்கவேண்டும். விரிக்கும் சுற்றையும் சேர்த்தே ஐந்து சுற்றுகள் என்பதால் உண்மையில் பயன்படுபவை நான்கு. விரிப்பவரைக் காக்க ரேஜ் பவுடர், விரித்தபின் முந்திச்சென்று உறங்கவைக்க ஸ்போர் என அமூங்கஸ் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது.

இதனாலேயே அமூங்கஸை வளர்க்கும்போது வேகத்தை வேண்டுமென்றே குறைக்கவேண்டும். பிறவி வேகப்புள்ளி உச்சமாகவும் சுபாவம் நடுநிலையாகவும் இருந்தால் 50ஆம் நிலையில் வேகம் 50. பிறவிப்புள்ளி பூச்சியமாகவும் சுபாவம் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைப்பதாகவும் இருந்தால் 31. இந்த வித்தியாசம் அற்பமானதன்று. இவ்வாறே உச்ச மந்தத்துக்கு வளர்க்கப்பட்ட உர்சலூனாவின் வேகம் 49 ஆதலால், 50 வேகமுள்ள அமூங்கஸ் ட்ரிக் ரூமில் அதன் அடியை வாங்கியபின்பே அசையும், 31 வேகமுள்ளதோ அதற்கு முன்பே செயற்பட்டுவிடும். டோர்கோல் என்னும் நெருப்பு ஆமையோ 22 வரை இறங்கக்கூடியது. ஆகவே அது எதிரணியில் இருப்பதைவிடத் துணையாக இருப்பதே மேல். வளர்ப்பில் பகிரக்கூடிய முயற்சிப் புள்ளிகள் மொத்தம் 510, ஒரு திறனுக்கு 252க்கு மேல் இடமுடியாது. 252ஐ உயிர்ப்புள்ளிக்கு வைத்து, எஞ்சியதை இருவகைத் தற்காப்புக்கும் குழுவின் தேவைக்கேற்பப் பங்கிடுவது வழக்கம். சுபாவத்தில், வேகத்தைக் குறைக்கும் ரிலாக்ஸ்ட் அல்லது சாஸி தெரிவாகும்.

நகர்வுகள் நான்கில் ஸ்போர், ரேஜ் பவுடர், ப்ரொடெக்ட் மூன்றும் ஏறத்தாழ நிலையானவை. நான்காவதாகப் பொலன் பஃப் வைப்பது அறிவுடைமை. எதிரியின்மீது ஏவினால் அடி, துணையின்மீது ஏவினால் அதன் உயிர்ப்புள்ளியில் பாதியை மீட்கும் மருந்து. டோண்ட் பட்ட அமூங்கஸுக்கு மற்ற மூன்றும் பூட்டப்பட்டுவிட, இது ஒன்றே திறந்திருக்கும். கைப்பொருளாக, தொட்டுத் தாக்குபவரின் உயிர்ப்புள்ளியில் ஆறிலொரு பங்கைப் பறிக்கும் ரொக்கி ஹெல்மெட்டும், காற்பங்கு உயிரை மீட்கும் சிட்ரஸ் பெரியும் பரவலாகப் பயன்படுகின்றன.

இரண்டு சுற்றுகளின் விளக்கம்

முற்கூறியவை ஒருங்கே இயங்குவதைக் காட்ட ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் அமூங்கஸும் ஃபரிகிராஃப் என்னும் இரட்டைத்தலை ஒட்டகச்சிவிங்கியும். எதிர்ப்புறம் இன்சினரோரும், மிக வேகமான ஃப்ளட்டர் மேனும். ஃபரிகிராஃபின் ஆர்மர் டெய்ல் இயல்பாற்றல், எதிரிகளின் முன்னுரிமைத் தாக்குதல்கள் தன்னையும் துணையையும் அணுகாமல் தடுக்கும். எனவே இன்சினரோரின் ஃபேக் அவுட் பயனற்றுப்போகிறது. இத்தனை காலம் திசைதிருப்பலுக்கு இருந்த ஓட்டை இந்த இணையில் அடைபட்டுவிடுகிறது.

முதற்சுற்றில் அமூங்கஸ் ரேஜ் பவுடர் தூவ, ஃபரிகிராஃப் ட்ரிக் ரூம் விரிக்கிறது. ஃபரிகிராஃபை வீழ்த்தவல்ல இன்சினரோரின் நொக் ஓஃப் அமூங்கஸின்மேல் விழுந்து கைப்பொருளைத் தட்டிவிடலாம், அவ்வளவே. ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்டும் அமூங்கஸிடம் வந்து பாதியாகக் குறைகிறது. ஃப்ளட்டர் மேன் டோண்ட் ஏவினால் அதையும் அமூங்கஸே வாங்கிக்கொள்ளும். ட்ரிக் ரூம் தடையின்றி விரிந்துவிடும். உண்மையில் அஞ்சவேண்டியது டஸ்லிங் கிளீம் ஒன்றைத்தான். அது பரவல் நகர்வானபோதிலும், இருவர்மீது பரவும்போது முக்கால் பலமே உடையதாகையால் ஃபரிகிராஃப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

இரண்டாம் சுற்றில் வரிசை தலைகீழ். 31 வேகமுள்ள அமூங்கஸ் எல்லோருக்கும் முன்பாக ஃப்ளட்டர் மேனை உறங்கவைக்க, அது அச்சுற்றுக்கெனத் தெரிவுசெய்திருந்த நகர்வே வீணாகிறது. மெதுவான உயிரி ட்ரிக் ரூம் இல்லாமல் ஸ்போர் தூவினால் எதிரி அச்சுற்றில் அடித்து முடித்த பின்னரே உறங்கும் என்பதை இதனோடு ஒப்பிட்டால், வேகம் குறைந்ததன் ஆதாயம் கண்கூடாகும். எதிராளி இதனை முன்னுணர்ந்து ஃப்ளட்டர் மேனுக்கு ப்ரொடெக்ட் இடலாம். அல்லது அதனை உள்ளழைத்துத் தாவர வகையொன்றை நிறுத்தலாம். தொடர்ந்து இருமுறை ப்ரொடெக்ட் பலிப்பது அரிதாகையால் முதலாவது எதிர்வினை ஒரு சுற்றை மட்டுமே தள்ளிப்போடும். இரண்டாவதே கூர்மையான எதிர்வினை. அதற்கு விடை இன்சினரோரை நோக்கி ஸ்போரைத் தூவுவதுதான், ஏனெனில் எதிராளி தப்பவைக்க முனையும் உயிரியைவிட, களத்தில் நிச்சயமாக இருக்கப்போகும் உயிரியே நல்ல இலக்கு.

2022இல் வெளியான ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒருமுறை ஓர் உயிரியின் வகையையே மாற்றும் டெராஸ்டல் முறை சேர்ந்ததால் இக்கணக்கில் ஒரு சிக்கல் கூடியது. எதிரி தாவர வகையாக மாறினால் ஸ்போர், ரேஜ் பவுடர் இரண்டும் ஒரே நொடியில் பயனிழக்கும். அமூங்கஸ் நீர் வகையாக மாறினால் நெருப்பையும் பனியையும் பாதியாக்கிக்கொள்ளும். ஆனால் தாவரத்தன்மை போய்விடுவதால் எதிரணி அமூங்கஸின் ஸ்போர் தன்மீதே பலிக்கத் தொடங்கும்.

பயிற்சி

இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஷோடவுனில் ஒருவரையொருவர் நேரடியாக அழைத்து, ஒரே இரு குழுக்களைப் பக்கம் மாற்றி மாற்றி ஆடுவது தனியே முகமறியாதவரோடு மோதுவதைவிட விரைவாகப் பலன் தரும். அமூங்கஸை எதிர்த்து ஆடியவருக்கே அதன் நெருக்குதல் எங்கே தளர்கிறது என்பது தெரியும். ஒரு கொப்பியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு நிரல்களைக் கீறி, அமூங்கஸ் செலவிட்ட வாய்ப்புகளை ஒன்றிலும், அதனால் எதிராளி இழந்த வாய்ப்புகளை மற்றதிலும் குறித்துவரலாம். உறக்கத்தில் போனவை, திசைதிரும்பி வலுவிழந்தவை, பயந்து ப்ரொடெக்ட் இட்டவை, உயிரியை மாற்றிக்கொள்ளச் செலவானவை ஆகிய யாவும் இரண்டாம் நிரலில் சேரும். வென்ற ஆட்டத்திலும் முதல் நிரல் நீண்டிருந்தால் வெற்றியைத் துணை உயிரிகளே ஈட்டித்தந்தன என்று கொள்ளவேண்டும். அத்தகைய குழுவில் அமூங்கஸின் இடத்துக்கு ரில்லாபூமையோ, தன் அணிக்குச் சாதகமாகக் காற்றை விரைந்து திருப்பும் விம்ஸிகொட்டையோ வைத்து ஆடிப்பார்ப்பது தகும்.